காலால் பிறந்தவளின் சுட்டுவிரல்

ஜூன் 11, புதன்

மன்னித்துக்கொள், டைரி. இந்த நேரத்துக்கு யாரும் யாரையும் எழுப்பக் கூடாது. ரக்ஷா தூங்கவே பத்தரை ஆகிவிட்டது. அப்புறம் அவள் யூனிஃபார்முக்கு இஸ்திரி. அப்புறம் கேஸ் மூடியிருக்கிறதா என்று பார்த்தேன். பார்த்தேனா, இல்லை பார்த்ததாக நினைத்துக்கொண்டேனா என்று மறுபடி போய்ப் பார்த்தேன்.

"அந்த சிலிண்டருக்கே உன்னைக் கண்டா பயம், விஷாகா. வந்து வந்து மொறச்சுட்டுப் போற" என்றார் ஜெயந்த், போர்வைக்குள்ளிருந்து.

இன்றைய செய்தி: என் மகள் ஆறு பெரியவர்களை உதைத்தாள். ஆறு பேரும் நன்றி சொன்னார்கள்.

இது எங்கே ஆரம்பித்தது என்று எழுதி வைக்கிறேன், பின்னால் நானே நம்பமாட்டேன். போன மாதம் மொட்டை மாடியில் துணி காயப்போடும்போது கீழ்வீட்டு பிரபாவதி அக்காவிடம் பிரசவக் கதை சொன்னேன். ரக்ஷா வயிற்றில் கடைசிவரை திரும்பவே இல்லை, கால்தான் கீழே, அதனால்தான் ஆபரேஷன் — இதை நான் ஒரு குறையாகச் சொன்னேன். அக்கா கையிலிருந்த க்ளிப்பையெல்லாம் வாளியில் போட்டுவிட்டு, "காலால பொறந்தவளா? இம்மா நாளா மூச்சு வுடாம இருந்துகினு கீற?" என்றார்.

காலால் பிறந்த பிள்ளை உதைத்தால் சுளுக்கு ஓடிவிடுமாம். மறுநாளே அக்காவின் வீட்டுக்காரர் தீனதயாளன் அண்ணன் பாய் விரித்துக் குப்புறப் படுத்துவிட்டார். மறைமலைநகரில் கார் பாகம் செய்யும் கம்பெனியில் மெஷின் ஆபரேட்டர். ரெண்டு வருடமாக இடுப்பில் சுளுக்கு. ரக்ஷா வலது குதிகாலால் மூன்று உதை விட்டாள். "பஞ்சு மாரி ஆயிட்ச்சு பாப்பா" என்று எழுந்து உட்கார்ந்தார். அன்றிலிருந்து ஊரப்பாக்கத்தில் எங்கள் அப்பார்ட்மெண்ட்டுக்கு ஒரு ஸ்பெஷலிஸ்ட். கட்டணம், உதைக்கு ஒரு தேன்மிட்டாய்.

மூன்றாம் மாடி ஏசுபாதம் சார் மட்டும் ஒரு சந்தேகம் கிளப்பினார். அவர் ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர், சந்தேகம் கிளப்பாமல் இருக்க முடியாது. "சிசேரியன் கேஸ் எப்படிம்மா கணக்குல வரும்?"

"எந்த வாசல்ல வந்தா இன்னா சார்? காலு மொதல்ல வந்துச்சா இல்லியா?" என்றார் அக்கா.

நான் மைக்ரோபயாலஜி படித்தவள். கண்ணுக்குத் தெரியாத கிருமியை நம்புவேன், கண்ணுக்குத் தெரிகிற குதிகாலை நம்பமாட்டேன். அப்புறம் ஏன் விடுகிறேன்? குடிவந்த புதிதில் யாரைப் பார்த்தாலும் என் நைட்டிக்குப் பின்னால் ஒளிந்துகொண்ட பெண் இது. இப்போது மாடிப்படியில் ஏறும்போதே "சார், கழுத்து எப்படி இருக்கு?" என்று விசாரிக்கிறாள். ஆறரை வயது. இதை நிறுத்த எனக்கு மனசு வரவில்லை.

ஜூன் 12, வியாழன்

இன்று யாரையும் உதைக்கவில்லை. கேஸ் மூடியிருந்தது.

ஜூன் 14, சனி

நிதானமாக எழுதணும்.

சாயங்காலம் தீனா அண்ணனுக்கு வைத்தியம். உதைப்பதிலிருந்து முதுகில் ஏறி நிற்பதற்கு இவளாகவே பதவி உயர்வு எடுத்துக்கொண்டிருக்கிறாள், எனக்குத் தெரியாமல். ஏறி நின்றிருக்கிறாள். அண்ணன் தும்மியிருக்கிறார். தும்மியவரைக் குற்றம் சொல்லலாமா? சொல்லலாம். நான் சொல்லுவேன்.

முன்பக்கமாக விழுந்தவள் வலது கையை ஊன்றியதில் சுட்டுவிரல் நுனிதான் முதலில் டைல்ஸில் குத்தியிருக்கிறது. நான் ஓடிப்போனபோது விரலை வேடிக்கை பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. என் முகத்தைப் பார்த்தாள், அப்புறம்தான் அழுதாள்.

ஐஸ் வைத்தோம். விரல் நுனி கோவைப்பழம் மாதிரி வீங்கிவிட்டது.

"ஒண்ணுமில்ல விசாகா. சுளுக்குதான். நாளைக்கு வத்திப்பூடும்" என்றார் அக்கா.

சுளுக்கு. அந்த வார்த்தையைக் கேட்டதும் எனக்கு மூச்சு வந்தது. அப்பா, வெறும் சுளுக்கு. தைலம் தடவி, ஊதிவிட்டு, தூங்கவைத்தேன். படிக்கட்டு, நாய், லாரி, கிணறு, கொதிக்கிற எண்ணெய் என்று எத்தனையோ ஆபத்துக்கு நான் தயாராக இருந்தேன். தும்மலுக்கு யார் தயாராக இருப்பார்கள்?

ஜூன் 15, ஞாயிறு

மாமல்லபுரம் போவதாக இருந்தோம். போகவில்லை.

வீக்கம் கொஞ்சம் வடிந்ததும்தான் தெரிகிறது — விரல் கோணல். மேலிருந்து பார்த்தால் சரியாக இருக்கிறது. பக்கவாட்டில் பார்த்தால் கடைசி மூட்டில் ஒரு சின்னப் படி. நுனியை மடக்கு என்றால் மடங்கவில்லை. மற்ற நாலு விரலும் மடங்கி வணக்கம் சொல்கின்றன, இது மட்டும் முறைத்துக்கொண்டு நிற்கிறது.

இன்டர்நெட்டில் பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது. முதல் பக்கத்தில் 'ஓய்வு போதும்', நாலாவது பக்கத்தில் விரலையே எடுத்த ஒருவரின் கை. ஜெயந்த் போனைப் பிடுங்கி அரிசி டப்பாவுக்குள் வைத்துவிட்டார். "நாளைக்குக் காலைல செங்கல்பட்டு போறோம். எலும்பு டாக்டர். அதுவரைக்கும் நீ கூகுள் டாக்டர்கிட்ட போகக் கூடாது."

மத்தியானம் அக்கா வந்தார். பின்னால் அண்ணன், வாசலோடு நின்றுவிட்டார்.

"கூடுவாஞ்சேரில ஒருத்தரு கீறாரு. வெரலப் புடிச்சு ஒரே இழு. டக்குனு ஒக்காந்துக்கும். டாக்டர்னா மாவுக்கட்டு, ஊசின்னு பேஜாரு பண்ணுவாங்கோ."

இழுக்கிறதா? அந்தப் பிஞ்சு விரலையா? எனக்கு என்ன ஆனதென்று தெரியவில்லை. "உங்க வீட்டு முதுகுக்கு என் பொண்ணோட காலுதான் கெடச்சுதாக்கா? இப்ப விரலையும் பிடுங்கணுமா?" என்று கேட்டுவிட்டேன்.

ரக்ஷாகூட டிவியின் சத்தத்தைக் குறைத்துவிட்டாள்.

அண்ணன் "தப்புதாம்மா" என்று மட்டும் சொன்னார். சுவரைப் பிடித்துக்கொண்டு படி இறங்கினார். ஒரு செருப்பை எங்கள் வாசலிலேயே விட்டுவிட்டார். கோபத்தில் ஒற்றைச் செருப்போடு போகிற மனிதரை இப்போதுதான் பார்க்கிறேன். ஜெயந்த் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார்.

ஜூன் 16, திங்கள்

காலை ரயிலில் செங்கல்பட்டு. ஆபீஸ் கூட்டத்துக்கு எதிர்த் திசை என்பதால் உட்கார இடம் கிடைத்தது. கொளவாய் ஏரி வந்ததும் ரக்ஷா வலியை மறந்து, வீங்கிய விரலாலேயே ஏரியைக் காட்டினாள். நான் அந்தக் கையை முட்டை மாதிரி பிடித்துக்கொண்டு வந்தேன்.

டாக்டர் தமிழ்ச்செல்விக்கு என் வயதுதான் இருக்கும். விரலைத் தொடாமல் முதலில் ரக்ஷாவின் முகத்தைப் பார்த்தார்.

"என்ன ஆச்சு?"

"சுளுக்கு டாக்டர்" என்றேன் நான்.

"யார் சொன்னா?"

"எல்லாரும்."

"எல்லாரும் எந்த காலேஜ்?"

ஜெயந்த் சிரித்தார். அவருக்கான பதிலை வீட்டில் வைத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

எக்ஸ்ரேயை விளக்குப் பலகையில் மாட்டியபோது எனக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. இவ்வளவு சின்ன எலும்புகளா? சீரகத்தைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். பக்கவாட்டுப் படத்தில்தான் தெரிந்தது — நுனி எலும்பு, அதற்கு முந்தின எலும்பின் தலையில் நேராக உட்காராமல் நகத்துப் பக்கமாகக் கொஞ்சம் ஒதுங்கியிருந்தது.

"முழுசா கழண்டிருந்தா டிஸ்லொகேஷன்னு சொல்லுவோம். இது பாதி. ரெண்டு எலும்பும் இன்னும் தொட்டுக்கிட்டுதான் இருக்கு, ஆனா எதிர் எதிரா இல்ல. சப்லக்ஸேஷன்."

நான் முழித்தேன் போலிருக்கிறது. அவர் மேஜையிலிருந்த தன் டிஃபன் டப்பாவை எடுத்தார். மூடியைக் கோணலாக வைத்தார். "மூடி இருக்கா? இருக்கு. மூடியிருக்கா? இல்ல. இதை அப்படியே பையில போட்டா?"

"சாம்பார் கொட்டிடும்" என்றாள் ரக்ஷா.

"கரெக்ட். அதான் உன் விரல்ல நடந்தது. சுளுக்குன்னா மூடி சரியா இருக்கும், ரப்பர் மட்டும்தான் இழுபட்டிருக்கும்."

அந்த நிமிடம் எனக்குள் ஏதோ சரியாகப் போய் உட்கார்ந்தது. மூட்டைச் சுற்றி நார் நாராகப் பட்டைகள் இருக்கின்றன. அவை இழுபட்டால் சுளுக்கு. அவற்றில் கொஞ்சம் கிழிந்து எலும்பே இடம் மாறினால் இது. நாம் எல்லாவற்றுக்கும் ஒரே வார்த்தையை வைத்துக்கொண்டு, ஒரே தைலத்தைத் தடவிக்கொண்டிருக்கிறோம்.

"யாராவது பிடிச்சு இழுத்தீங்களா?"

"இல்ல டாக்டர். இழுக்கணும்னு சொன்னாங்க. நான் விடல."

"நல்லவேளை. நானும் இழுக்கத்தான் போறேன். ஆனா மரத்துப்போக ஊசி போட்டு, படம் பாத்துட்டு இழுப்பேன். குழந்தைங்களுக்கு இந்த மூட்டுக்குப் பக்கத்துலயே எலும்பு வளர்ற தட்டு இருக்கு. கண்ணை மூடிக்கிட்டு இழுத்தா அது போயிடும், விரல் குட்டையா நின்னுடும். இவளுக்கு அது தப்பிச்சிருக்கு."

ஊசி போட்டபோது ஜெயந்த்தான் வெளியே போய்விட்டார். நான் நின்றேன். டாக்டர் இழுத்து, கட்டைவிரலால் மெல்ல ஒரு அழுத்து. சத்தம்கூட வரவில்லை. ரக்ஷா "முடிஞ்சுதா?" என்று ஏமாற்றமாகக் கேட்டாள்.

மறுபடி படம். எலும்பு எதிர் எதிராக உட்கார்ந்திருந்தது. ஆனால் பட்டைகள் ஆறும்வரை மறுபடி நழுவலாம். அதனால் அலுமினியத் தகடு வைத்துக் கட்டு. நடு மூட்டு மடங்கலாம், நுனி மூட்டு மடங்கவே கூடாது. நனையக் கூடாது. கழற்றிப் பார்க்கக் கூடாது. இருபத்தாறாம் தேதி மறுபடி எக்ஸ்ரே.

"அப்ப நழுவியிருந்தா?"

"சின்னக் கம்பி ஒண்ணு உள்ள விட்டு நிறுத்தணும். மயக்கம் கொடுத்து."

கம்பி. மயக்கம். வீட்டுக்கு வரும்வரை இந்த ரெண்டு வார்த்தையும் ரயில் சத்தத்தோடு சேர்ந்து ஓடின.

ஜூன் 17, செவ்வாய்

ஜெயந்த் போனில் ஆபீஸ்காரரிடம் "சப்லக்ஸேஷன்" என்று விளக்கிக்கொண்டே படியேறியிருக்கிறார். சாயங்காலம் ஏசுபாதம் சார் என்னை நிறுத்தி, "டூப்ளெக்ஸ் வீடு பாக்கறீங்களாமே, கேளம்பாக்கம் பக்கமா?" என்று கேட்டார்.

ஜூன் 19, வியாழன்

ஸ்கூலில் ஒரு பிரச்சினை. நான் பயந்த எதுவும் இல்லை, நான் நினைத்தே பார்க்காத ஒன்று.

கட்டுப் போட்டதில் சுட்டுவிரல் எந்நேரமும் நீட்டிக்கொண்டே இருக்கிறது. வகுப்பு டீச்சர் லீவு. பதிலுக்கு வந்த புது மிஸ்ஸுக்கு விஷயம் தெரியாது. கையைத் தூக்கி ஒரு விரல் நீட்டினால் என்ன அர்த்தம்? ஒண்ணுக்கு. "போய்ட்டு வா" என்றிருக்கிறார். இவளும் போயிருக்கிறாள். திரும்பி வந்து கையைத் தூக்கி வைத்துக்கொள்கிறாள் — கை தொங்கினால் வலிக்கும், தூக்கியே வை என்று நான்தானே சொல்லி அனுப்பினேன். "மறுபடியுமா? போ." இப்படிக் காலை முழுக்கப் போய் வந்திருக்கிறாள். மத்தியானம் எனக்குப் போன். "குழந்தைக்கு யூரின் டெஸ்ட் எடுத்துப் பாருங்க மேடம்."

"நீ ஏண்டி சொல்லல, விரல்ல அடின்னு?"

"கணக்கு பீரியட்மா."

ஜூன் 20, வெள்ளி

மொட்டை மாடியில் பிரபாவதி அக்கா. நான் இந்தக் கொடியில், அவர் அந்தக் கோடியில். நடுவில் ஏசுபாதம் சாரின் வேட்டி, சமாதானக் கொடி மாதிரி ஆடியது. யாரும் அதை எடுத்துக்கொள்ளவில்லை.

நான் பேசியது அதிகப்படி. தெரியும். ஆனால் முதலில் அவர்தானே பேச வேண்டும்? — இல்லையா?

ஜூன் 22, ஞாயிறு

போன வாரம் போகாத மாமல்லபுரத்துக்கு இன்று போனோம். போயிருக்க வேண்டாம் என்று ஒரு மனசு. இன்னொரு மனசு, அவள் சிரித்ததை எண்ணிக்கொண்டிருக்கிறது.

விரலுக்கு மேல் பால் கவர், அதற்கு மேல் ரப்பர் பேண்ட். அர்ச்சுனன் தபசுப் பாறைக்கு எதிரில் நின்றோம். இவள் கை நீட்டியபடி நிற்க, எந்த ஊரிலிருந்தோ வந்த ஒரு கூட்டம் மொத்தமும் அந்த விரல் காட்டிய பக்கம் திரும்பியது. அவர்களுடைய கைடு பாவம், யானையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"பாப்பா, கைய இந்தப் பக்கம் காட்டு கண்ணு. அங்க ஒண்ணுமே இல்ல, அல்லாரும் அத்தையே பாக்கறாங்கோ."

அதன் பிறகு அவரும் இவளுமாகச் சேர்ந்துவிட்டார்கள். அவர் சொல்லுவார், இவள் காட்டுவாள். இரண்டு கையையும் தூக்கித் தவம் செய்கிற பூனையிடம் வந்ததும், "அதுக்கு ரெண்டு கையிலயும் அடியா?" என்று கேட்டாள். கைடு யோசித்துவிட்டு, "இத்தினி வருசத்துல இந்த டவுட்டு எவனும் கேக்கல" என்றார்.

அத்தோடு திரும்பியிருக்கலாம். கடற்கரை. கால் மட்டும் நனைக்கிறேன் என்றாள். என்னைப் பிடித்துக்கொண்டுதான் நின்றாள். ஒரு அலை கொஞ்சம் அதிகப்படியாக வந்தது, பொத்தென்று உட்கார்ந்துவிட்டாள். எழுந்தபோது பால் கவர் இல்லை. தகட்டின் டேப் ஒரு பக்கம் விட்டிருந்தது.

"மடங்குச்சா? ரக்ஷா, என்னைப் பாரு, விரல் மடங்குச்சா?"

"தெரியலைம்மா."

"வலிச்சுதா?"

"தெரியலைம்மா. அலை சூப்பரா இருந்துச்சு."

ஜெயந்த் துடைத்து, புது டேப் சுற்றினார். "நேராத்தான் இருக்கு."

"நேரா இருக்கற மாதிரி இருக்கு."

"ரெண்டும் ஒண்ணுதான்."

ஒன்றில்லை. மூடி இருக்கிறது, மூடியிருக்கிறதா? அதுதானே என் கேள்வி. உள்ளே நழுவியிருந்தால் வெளியே எப்படித் தெரியும்?

ஜூன் 23, திங்கள்

கிளினிக்குக்குப் போன் செய்தேன். கழற்றிப் பார்க்காதீர்கள், வியாழக்கிழமை வாருங்கள் என்றார்கள். வியாழன் எங்கே இருக்கிறது, திங்கள் எங்கே இருக்கிறது.

ஜூன் 24, செவ்வாய்

தலைவாரும்போது ரக்ஷா கேட்டாள். "அம்மா, எனக்குப் பவர் போயிடுச்சா?"

"என்ன பவர்?"

"சுளுக்கு பவர். எனக்கே அடிபட்டுடுச்சுல்ல."

நான் தயாராகத்தான் இருந்தேன். பவர் என்று ஒன்று கிடையாது, அடிபட்டால் டாக்டரிடம் போக வேண்டும் என்று அழகாக ஒரு பிரசங்கம். வாயைத் திறப்பதற்குள் அவளே சொன்னாள்.

"முன்னாடியே கொஞ்சம் போயிடுச்சும்மா. தீனா பெரியப்பாவுக்கு வலது பக்கம் ஒதச்சா ஆன்னு கத்துவாரு. இடது கால்ல ஏறி நின்னாக்கூட கத்த மாட்டாரு. நான் நிக்கறேன்னே தெரியாது."

பின்னலைப் பாதியில் விட்டுவிட்டேன்.

"ஒரு தடவை அவர் குப்புறப் படுத்திருந்தப்போ இடது கட்டைவிரல்ல ஸ்கெட்ச் பேனாவால மூஞ்சி வரைஞ்சேன். கண்ணு, மூக்கு, மீசை எல்லாம். அவருக்குக் கூசவே இல்லை. படுத்துக்கிட்டே, பாப்பா நீ எங்க போயிட்டன்னு கேட்டாரு."

சிரித்தேன். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அந்த ஒற்றைச் செருப்பு ஞாபகம் வந்தது. கோபத்தில் விட்டுவிட்டுப் போகவில்லை. கழன்றதே அவருக்குத் தெரியவில்லை.

ரெண்டு வருடமாகச் சுளுக்கு. யார் சொன்னது? எல்லாரும்.

ஜூன் 26, வியாழன்

செங்கல்பட்டு. எக்ஸ்ரே அறைக்குள் என்னை விடவில்லை. வெளியே உட்கார்ந்து சுவரில் மாட்டியிருந்த முதுகெலும்புப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எத்தனை மூட்டு, எத்தனை இடத்தில் நழுவலாம். மனுஷன் எப்படித்தான் நேராக நடக்கிறான்?

டாக்டர் பழைய படத்தையும் புதுப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டினார். பிறகு டீயை எடுத்து ஒரு வாய் குடித்தார். அந்த ஒரு வாய்க்குள் எனக்கு ஆபரேஷன் தியேட்டர் வரைக்கும் போய்வந்தாகிவிட்டது.

"கடலுக்குப் போனீங்களாமே."

யார் சொன்னது? ரக்ஷாதான், வேறு யார்.

"நகரல. நல்லா உக்காந்திருக்கு. கம்பி வேணாம்."

நான் அழுதேன். ரக்ஷா டாக்டரிடம், "அம்மா இப்படித்தான், கேஸ் மூடியிருந்தாக்கூட போய்ப் பாப்பாங்க" என்று விளக்கம் கொடுத்தாள். இன்னும் பத்து நாள் கட்டு. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக மடக்கிப் பழக்க வேண்டும். முழுசாக மடங்கச் சில வாரம் ஆகலாம்.

கிளம்பும்போது கதவு வரை வந்துவிட்டுத் திரும்பினேன். கீழ்வீட்டு அண்ணன் ஒருவர் என்று ஆரம்பித்து, இடுப்பு, இடது கால், செருப்பு, ஸ்கெட்ச் பேனா எல்லாவற்றையும் சொன்னேன். ஸ்கெட்ச் பேனாவுக்கு டாக்டர் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"பாக்காம சொல்லக் கூடாது. ஆனா கால் உணர்ச்சி குறையுதுன்னா முதுகுல நரம்பு அழுந்துதான்னு பாக்கணும். சுளுக்குன்னு விடக் கூடாது. ஒண்ணுக்குப் போறதுல ஏதாவது சிரமம் இருந்தா ஒரு நாள்கூடத் தள்ளாதீங்க. முதல்ல, அவர் மேல ஏறி மிதிக்கறதை நிறுத்தச் சொல்லுங்க."

"நான் ரிட்டயர்டு" என்றாள் ரக்ஷா.

ஜூன் 27, வெள்ளி

கீழே போனேன். ரக்ஷாவையும் கூட்டிக்கொண்டு. தனியாகப் போகத் தைரியம் இல்லை என்பதுதான் உண்மை.

அக்கா கதவைத் திறந்தார். "இன்னா, வழி தவறி வந்துட்டியா?"

"ஆமாக்கா. திருப்பி அனுப்பிடாதீங்க."

கதவை இன்னும் கொஞ்சம் அகலமாகத் திறந்தார். "உள்ள வா. காப்பி போட்டுகினுதான் கீறேன்."

மன்னிப்பு என்று நான் ஒன்று தயாரித்து வைத்திருந்தேன். அதைச் சொல்ல இடமே கிடைக்கவில்லை. ரக்ஷாவின் விரலை வாங்கி, இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்து, "கம்பி வாணாம்னுட்டாங்களா? நானு தெனிக்கும் வேண்டிகினு இருந்தேன்" என்றார். இது போதாதென்று, எனக்குச் சர்க்கரை குறைவாகப் போட வேண்டும் என்பதையும் மறந்திருக்கவில்லை.

தீனா அண்ணன் மட்டும் வளைந்து கொடுக்கவில்லை. "சுளுக்குக்குப் போய் எதுக்கும்மா ஸ்கேனு? மிஷினாண்ட எட்டு மணி நேரம் நின்னா அல்லாருக்கும் கீறதுதான். நம்ம பாப்பா நாலு ஒதை வுட்டா செரியாப் பூடும்."

"நான் ஒதைக்க மாட்டேன் பெரியப்பா. டாக்டர் சீட்டு இல்லாம ஒதைக்கக் கூடாதாம்."

"அட. அப்ப வேற இன்னா செய்வ?"

"டெஸ்ட் செய்வேன். கண்ணை மூடுங்க. காலை நீட்டுங்க. நான் எந்த விரலைத் தொடறேன்னு சொல்லணும்."

இதை நான் சொல்லிக்கொடுக்கவில்லை. அண்ணன் சிரித்துக்கொண்டே கண்ணை மூடினார். வலது கால். "கட்டைவெரலு... சுண்டுவெரலு... இன்னா பாப்பா, சுளுவாக் கேக்கற." பிறகு இடது கால். ரக்ஷா கட்டுப் போட்ட சுட்டுவிரலின் தகட்டாலேயே ஒவ்வொரு விரலாகத் தொட்டாள். முதலில் மெல்ல. அப்புறம் அழுத்தி.

அண்ணன் சிரித்த முகத்தோடு காத்திருந்தார். "தொடு பாப்பா. எம்மா நேரம் கண்ண மூடிகினே இருக்கறது?"

"தொட்டாச்சு பெரியப்பா" என்றாள்.

அக்கா காப்பி டம்ளரோடு அங்கேயே நின்றுவிட்டார். அண்ணன் கண்ணைத் திறந்து, தன் காலை, அடுத்த வீட்டுக்காரரின் காலைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

"ஏய்யா" என்றார் அக்கா, மெல்ல. "எப்பத்துலேர்ந்துய்யா?"

அண்ணன் நீட்டிய காலை மடக்கிக்கொண்டார். பிறகு என்னிடம், "அந்த டாக்டரம்மா எத்தினி மணிக்கு வருவாங்கோ?" என்று கேட்டார்.

ஜூன் 28, சனி

அண்ணன், அக்கா, நான், ரக்ஷா, நாலு பேரும் ரயிலில் போனோம். ஜன்னல் சீட்டு அண்ணனுக்கு. டாக்டர் சின்னச் சுத்தியலால் முழங்காலைத் தட்டினார், காலைத் தூக்கச் சொன்னார், ஊசி முனையால் குத்திக் குத்திக் கேட்டார். வேலைக்கு லீவு, எடை தூக்கக் கூடாது, ஸ்கேன். இது சுளுக்கா என்று அக்கா கேட்டதற்கு, "இனிமே அந்த வார்த்தையை நான் சொன்னாத்தான் நீங்க சொல்லணும்" என்றார்.

ரக்ஷாவை அண்ணனிடம் காட்டி, "உங்களை முதல்ல செக் பண்ணது இந்த டாக்டர்தான்" என்றாராம் — நான் அப்போது மருந்துக்கடையில் இருந்தேன், ரக்ஷாவே சொன்னாள். இதுவரை ஏழு தடவை.

ஜூலை 7, திங்கள்

கட்டு அவிழ்த்தாயிற்று. விரல் வெளுத்து, தோல் சுருங்கி, ரொம்ப நேரம் குளத்தில் இருந்த விரல் போல. நேராக இருக்கிறது. பக்கவாட்டில் பார்த்தேன், கீழிருந்து பார்த்தேன், டார்ச் அடித்துப் பார்த்தேன். படி இல்லை. நுனி பாதிதான் மடங்குகிறது. வெந்நீரில் வைத்து, ஒரு நாளைக்குச் சில தடவை தானாகவே மடக்கிப் பழக வேண்டும். நான் பிடித்து மடக்கக் கூடாது. இது எனக்கான தனி உத்தரவு.

கணக்கு பீரியடில் எழுதத் தொடங்கிவிட்டாள். விரல் நீட்டினால் இப்போது யாரும் அனுப்புவதில்லையாம். மிகவும் வருத்தப்படுகிறாள்.

ஜூலை 9, புதன்

மத்தியானம். இன்று அண்ணனுக்கு ஸ்கேன் ரிப்போர்ட். அக்காவும் அவரும் காலையிலேயே செங்கல்பட்டு போய்விட்டார்கள். நானும் வருகிறேன் என்றேன். "பாப்பா ஸ்கூல்லேர்ந்து வந்தா வூட்ல யாரு கீறா? நீ இரு" என்றுவிட்டார். படி இறங்கும்போது அண்ணனின் இடது செருப்பின் வாரை அக்கா குனிந்து, இழுத்துக் கட்டிவிட்டார். பின்னால் வார் வைத்த புதுச் செருப்பு. அண்ணன் கூச்சப்பட்டுக்கொண்டு என்னைப் பார்த்து, "ஸ்கூலுக்குப் போறேம்மா" என்றார்.

பதினொரு மணிக்கு டாக்டரைப் பார்ப்பதாகச் சொன்னார்கள். இப்போது ஒன்றரை. போன் செய்தேன், எடுக்கவில்லை. உள்ளே இருப்பார்கள். அல்லது ரயிலில் இருப்பார்கள், சத்தத்தில் கேட்காது. அல்லது — வேண்டாம், அந்த மூன்றாவதை எழுத மாட்டேன். ஜெயந்த்துக்குப் போன் செய்தேன். "அவங்க சொல்லுவாங்க. நீ போனை அரிசி டப்பால வை" என்றார். வைக்கவில்லை.

ஏசுபாதம் சார் இரண்டு தடவை இறங்கி வந்து, சேதி ஏதாவது உண்டா என்று கேட்காமல், தண்ணி வருதாம்மா என்று கேட்டுவிட்டுப் போனார்.

அக்காவுக்கு இப்போது அனுப்பிய செய்தியை இங்கேயும் எழுதி வைக்கிறேன். கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது.

"அக்கா, டாக்டர் என்ன சொன்னாங்க? மாத்திரையா, ஆபரேஷனா, எதுவா இருந்தாலும் சொல்லுங்க. ஆபரேஷன்னா நான் கூட இருக்கேன், ஜெயந்த் லீவு போடறேன்னு சொல்லிட்டார். ராத்திரிக்கு அடுப்பு பத்த வைக்காதீங்க, உங்க ரெண்டு பேருக்கும் சேர்த்து இங்கதான் சமையல். அண்ணன் படி ஏறும்போது நீங்க பின்னாடி வாங்க. இதைப் பார்த்ததும் சீக்கிரம் பதில் போடுங்க."